கீறல் விழாத பூட்டு

என் வீட்டுக்காரர் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். அக்கம்பக்கத்துப் பெண்கள் புருஷன்மாரைப் பற்றி மூக்கைச் சிந்தும்போது, "எங்க வீட்டுக்காரர் கைக்கு நான் பூட்டு போட்டு வச்சிருக்கேன்" என்பேன். அவர் தொழிலே பூட்டு என்பதால் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தக் கை என் தம்பி மேல் விழுகிற வரைக்கும் எனக்கும் அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது.

கீழே பட்டறை, மேலே வீடு. பட்டறையில் சாவி வெட்டுகிற மெஷின், கிரைண்டர், சுவர் நிறையத் தொங்குகிற வெறும் சாவிகள், மேசை ஓரத்தில் பெரிய இரும்பு வைஸ். எதை வேண்டுமானாலும் அதன் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்துக் கைப்பிடியைத் திருகினால் போதும், அப்புறம் அசையாது. என் தம்பி படிப்பை விட்ட நாளிலிருந்து அங்கேதான் வேலை செய்தான். படிப்புதான் ஏறவில்லையே தவிர, கை அபாரமான கை. திறக்காத பூட்டுக்குள் கம்பியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். உள்ளே எது எங்கே தடுக்கிறது என்பது விரல் நுனியிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். "தொழில் நான் சொல்லிக் குடுத்தது, கை அவங்கம்மா குடுத்தது" என்று வாடிக்கையாளர்களிடம் இவரே சொல்வார். தம்பி தனியாக ஒரு கடை போடப் போகிறேன் என்று சொன்ன பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது.

காசு சேர்க்கிற பைத்தியம் இவருக்குக் கல்யாணத்துக்கு முன்னாலேயே இருந்தது. யாராவது இறந்துபோய், சாவி கிடைக்காமல் பெட்டியைத் திறக்கக் கூப்பிட்டால் கூலி வாங்க மாட்டார். உள்ளே பழைய காசு இருந்தால் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் வெறுங்கையோடு வருவார். செத்தவர்கள் காசு வீட்டுக்கு வேண்டாம் என்று நான் முகம் சுளித்தால், "அவன் பூட்டை நான் திறக்கிறேன், அவனே குடுக்கிற கூலிடி இது" என்பார். நடுவில் ஓட்டை போட்ட செம்புக்காசு, முகமெல்லாம் தேய்ந்து மூக்கு மட்டும் மிஞ்சிய ஒரு ராணி, கப்பல் போட்ட வெள்ளிக்காசு, எந்த ராஜா அடித்தது என்று ஒருவருக்கும் தெரியாத கோணல் காசு. ஒவ்வொன்றும் எந்த வீட்டில், யார் அழுதுகொண்டிருந்தபோது கிடைத்தது என்று சொல்வார். என் பிறந்தநாள் ஒரு வருஷமும் அவருக்கு ஞாபகம் வந்ததில்லை. காசுகள் பிறந்த வருஷமெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

அதற்கென்று இடுப்பளவு இரும்பு அலமாரி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கிவந்தார். உடம்பும் கதவும் வந்தபடியே இருந்தன. பூட்டை மட்டும் ஒரு வருஷம் எடுத்துத் தன் கையால் செய்தார். அந்த ஒரு வருஷமும் அவர் என்னோடு பேசியதைவிட அந்தப் பூட்டோடு பேசியதுதான் அதிகம். முடித்த அன்று, "இதைத் திறக்க உலகத்துல ரெண்டே கைதான். ஒண்ணு என்னுது, இன்னொண்ணு மச்சானுது" என்றார். தம்பி வெட்கப்பட்டுச் சிரித்தான். தெருக்கோடியில் ஃப்ரேம் கடை வைத்திருந்தவரும் அன்றைக்குக் கூட இருந்தார். காசுகளுக்கு வெல்வெட் தட்டு செய்து கண்ணாடி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். பேச ஆரம்பித்தால் தேன் ஒழுகும். "பூட்டா இது? இதைப் படைச்ச கைக்கு முத்தம் குடுக்கணும்" என்றார். இவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

என் நாத்தனார் உடம்புக்கு முடியாமல் இருந்தாள் என்று இரண்டு பேரும் ஊருக்குப் போய்வந்தோம். பட்டறையைத் தம்பி பார்த்துக்கொண்டான். சாயங்காலம் திரும்பி வந்ததும் இவர் கைகாலைக் கழுவிக்கொண்டு நேராக அலமாரிக்குப் போனார். பூட்டியது பூட்டியபடி இருந்தது. சாவியைப் போட்டார், திறந்தது. உள்ளே ஒரு தட்டுகூட இல்லை.

அவர் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது முகம். எங்களுக்குப் பிள்ளையில்லை, அதனால் அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததுமில்லை. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன், தட்டிவிட்டார். எழுந்து டார்ச்சையும் கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டுவந்து பூட்டைக் கழற்றினார். ஒவ்வொரு பாகமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி மாட்டினார். ஒன்றுமில்லாத அலமாரியைப் பழக்கதோஷத்தில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒரு கீறல் இல்ல" என்றார்.

"போலீஸுக்குச் சொல்லலாங்க."

"என்னன்னு சொல்றது? பூட்டுக்காரன் வீட்டுப் பூட்டையே ஒருத்தன் திறந்துட்டான்னா? ஊரே வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்."

ஃப்ரேம்காரருக்கு ஆள் அனுப்பினார். அவர் ஓடி வந்து தலையில் கைவைத்துக்கொண்டார். பூட்டைத் தடவிப் பார்த்தார். "கீறல் இல்லையே... வெளியாள் வேலை மாதிரி தெரியலையே" என்று பெருமூச்சு விட்டார். அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு, "குடும்ப விஷயம். நான் எதுக்கு நடுவுல?" என்று எழுந்து போய்விட்டார். கொள்ளி வைக்கிறவனும் இவ்வளவு பதவிசாக வைக்க மாட்டான். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனால் அது தம்பியை நினைத்துப் பயந்த பயம். அந்த ஆளைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

காலையில் தம்பி எப்போதும்போல வந்தான். "உங்க தங்கச்சிக்கு இப்ப எப்படி இருக்கு மாமா?" என்று அவன் கேட்டது மாடிப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. ஷட்டர் இறங்குகிற சத்தம் வந்தது. அப்புறம் ஏதோ விழுகிற சத்தம். நான் கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். படிக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரு கம்பிக் கதவு உண்டு. அது உள்ளே பூட்டியிருந்தது.

தம்பி தரையில் கிடந்தான். வாயெல்லாம் ரத்தம். அரத்தின் கட்டைப் பிடியால் முகத்திலேயே அடித்திருக்கிறார். அவன் எழுந்திருக்கப் பார்த்தபோது வயிற்றில் உதைத்தார். சாவிகள் தொங்கிய பலகை சரிந்து அவன் மேல் கொட்டியது.

"காசு எங்கடா?"

"என்ன காசு மாமா?"

"தனிக்கடை போடணும்னு துடிச்சியே, அதுக்கா? கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேடா நாயே!"

"சத்தியமா எனக்குத் தெரியாது மாமா. ஃப்ரேம்காரர்தான் வந்தாரு. புதுத் தட்டுக்கு அளவெடுக்கணும், நீங்க சொன்னீங்கன்னு மேல போனாரு. பெரிய பார்சல் வச்சிருந்தாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"அந்த ஆளு ஒரு ஸ்க்ரூவை நேரா திருக மாட்டான். அவன் என் பூட்டைத் திறந்துட்டானா? ஒரு கீறல் இல்லடா அதுல! கீறல் விழாம அதைத் திறக்க இந்தக் கை ஒண்ணாலதான் முடியும்!"

சொல்லிக்கொண்டே அவன் வலது கையைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் அவன் தலையை மேசையோடு அழுத்திக்கொண்டு விரல்களை வைஸுக்குள் திணித்துக் கைப்பிடியைத் திருகினார். என் தம்பி ஒல்லி. அவர் கனத்த ஆள். நான் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். "விட்டுடுங்க, உங்க காலைப் பிடிக்கிறேன், என் தம்பிங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியோரக் கூடையில் ரிப்பேருக்கு வந்த பூட்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கம்பிகளுக்கு நடுவே கையைவிட்டுப் பலங்கொண்ட மட்டும் எறிந்தேன். அது அவர் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு இன்னொரு திருகு திருகினார்.

எலும்பு முறிகிற சத்தம் ரொம்பச் சின்னச் சத்தம். சாவி வெட்டும்போதுகூட அதைவிடப் பெரிதாகக் கேட்கும். அதற்கப்புறம் என் தம்பி போட்ட சத்தத்தை எழுத எனக்கு மனசு வரவில்லை.

மயங்கித் தொங்கினவனைப் பார்த்த பிறகுதான் அவர் கைப்பிடியை விட்டார். கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றார். நான் உள்ளே போனதும் முதலில் அவர் முகத்தில்தான் அறைந்தேன். இரண்டு கையாலும் மாறிமாறி அறைந்தேன். வாங்கிக்கொண்டு நின்றார். "உண்மையைச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி, "மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க" என்றான். அவர் அவன் உடைந்த உதட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதையே சீட்டில் எழுதிக்கொண்டார். ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று கட்டுப் போடும்போது சொன்னார். எந்த விரல்களால் அவன் பூட்டுக்குள்ளே பார்ப்பானோ அதே விரல்கள்.

தம்பியை என் வீட்டுக்கே கூட்டிவந்து மாடியில் படுக்கவைத்தேன். இவர் பட்டறையிலேயே பாயைப் போட்டுக்கொண்டார். நான் சமைத்தேன், இவர் தட்டில் மட்டும் போடவில்லை. இதற்குள் தெருவில் கதை கட்டிவிட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்ததாம். அக்கா வீட்டிலேயே கைவைத்தவனுக்குக் கடவுள் கைமேல் பலன் கொடுத்தாராம். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒருத்தி இதைச் சொன்னாள். குடத்தை அவள் தலையிலேயே கவிழ்த்துவிட்டு வந்தேன்.

"விரல் போனா போகுதுக்கா" என்றான் தம்பி. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். "திருடன்னு சொல்லிட்டாரே. யாருக்கா இனிமே என்னை நம்பி வீட்டுப் பூட்டைத் தொட விடுவாங்க?"

எனக்கு அழுகை வரவில்லை, வெறி வந்தது. வெறி வந்தால் நான் வீட்டைத் துடைப்பேன், அது என் சுபாவம். ஜன்னலைத் துடைத்தேன், கட்டிலைத் துடைத்தேன். கடைசியில் அந்த அலமாரியைத் துடைத்தேன். அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது, இருந்தாலும் துணியை அழுத்தி மேலிருந்து கீழே இழுத்தேன். துணி எதிலோ மாட்டிக் கிழிந்தது. எத்தனையோ வருஷமாகத் துடைக்கிறேன், ஒருநாளும் அங்கே எதுவும் மாட்டியதில்லை.

குனிந்து பார்த்தேன். கீல் இருக்கிற பக்கம். பூட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம். கதவையும் அலமாரியையும் சேர்த்துப் பிடிக்கிற கீலுக்குள் ஓர் ஆணி இறங்கியிருக்கும். அதன் தலை ஒரு நகக்கண் அளவு மேலே துருத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. கீழ்க் கீலிலும் அப்படியே. இரண்டையும் உருவியதும் கதவு, பூட்டு பூட்டியபடியே, என் மேல் சாய்ந்தது.

முழுசாக அடித்து இறக்கினால் பட்டறைக்குச் சத்தம் கேட்கும் என்று பயந்து, அந்த ஃப்ரேம்காரப் பாவி ஆணியைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வருஷம் உட்கார்ந்து பூட்டு செய்தவர், பழைய சாமான் கடைக் கீலைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. களவு போன பிறகும் பார்க்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கதவைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள். பூட்டுக்காரர் பூட்டைத்தானே பார்ப்பார். தும்பை விட்டு வாலைப் பிடித்தார், அந்த வால் என் தம்பியின் விரல்.

கதவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். கனம் தெரியவில்லை. அவர் ஏதோ ஒரு சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மேசையில் போட்டேன், பட்டறையே அதிர்ந்தது.

"உங்க பூட்டைப் பாருங்க. பூட்டியிருக்கா?"

பார்த்தார்.

"கீறல் இருக்கா?"

பூட்டின் நாக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டார். அப்புறம் மறுபக்கம் விரலைக் கொண்டுபோனார். ஆணியில்லாத கீல் ஓட்டையில் அவர் விரல் நின்றுவிட்டது. திடீரென்று சம்மட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

ஃப்ரேம் கடை மூடியிருந்தது. கதவில் தொங்கியது இவர் கையால் செய்து கொடுத்த பூட்டு. வாழ்நாளில் ஒரு பூட்டையும் உடைக்காத மனிதர் அதைச் சம்மட்டியால் அடித்தார். அவர் வேலை சுத்தமான வேலை, சுலபத்தில் உடையவில்லை. கொண்டி பிய்கிற வரைக்கும் அடித்தார். உள்ளே கண்ணாடியும் சட்டங்களும் மரத்தூளும்தான் இருந்தன. மூலையில் எங்கள் வெல்வெட் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, எல்லாம் காலி. ஒவ்வொரு குழியிலும் காசு உட்கார்ந்த வட்டம் மட்டும் பதிந்திருந்தது. எதிர்த்த டீக்கடைக்காரர் வந்து, "அவரு கடையைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாரே, உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

இவர் அந்தக் கடையில் ஒரு கண்ணாடியை மிச்சம் வைக்கவில்லை. சட்டத்தில் மாட்டியிருந்த யார் யாரோ குடும்பப் படங்களையெல்லாம் சம்மட்டியால் அடித்தார். சில்லுகள் பறந்து கன்னத்தில் குத்தின. நான் தடுக்கவில்லை. கடைசியில் காலித் தட்டொன்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சில்லுகள் மேலேயே உட்கார்ந்து, "என் கப்பல் காசு, என் கப்பல் காசு" என்று அழுதார். அழுத அழுகையில் என் தம்பி பெயர் ஒரு தடவையாவது வருமா என்று காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை.

நான் மட்டும் வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் எழுந்து கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்கு இறங்கி வந்தான். சற்று நேரத்தில் அவரும் வந்து சேர்ந்தார். தம்பியைக் கண்டதும் வாசலிலேயே நின்றார். பிறகு நேராக மேசைக்குப் போய்த் தன் வலது கையை வைஸுக்குள் வைத்தார்.

"திருகுடா. உன் ஆத்திரம் தீர்ற வரைக்கும் திருகு."

தம்பி வைஸையும் அந்தக் கையையும் பார்த்தபடி நின்றான். அவன் கண் நிறைந்துவிட்டது.

"வேணாம் மாமா. உங்களுக்கு வலிச்சா எனக்கு விரல் வந்துடுமா? திருடன் இல்லன்னு தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லுங்க. அது போதும்."

அவன் குணத்துக்கு அதைத்தான் சொல்வான் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அந்தப் பதில் வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி ஓடியது. கொஞ்ச நேரம்தான், ஆனால் நான் பார்த்துவிட்டேன். திருக மாட்டான் என்று தெரிந்துதான் கையை வைத்திருக்கிறார். "நீ தங்கம்டா மச்சான்" என்று சொல்லிக்கொண்டே கையை உருவப் பார்த்தார்.

நான் கைப்பிடியைப் பிடித்து ஒரே சுற்றாகச் சுற்றினேன். தாடை கவ்விக்கொண்டது.

"எடுக்காத" என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் ஒருமையில் பேசியதில்லை. "வச்ச கையை எடுக்காத."

"ஏய்... என்னடி பண்ற? அவனே விட்டுட்டான்..."

"அவன் விட்டுட்டான். நான் விடலையே."

"அக்கா, வேணாங்க்கா!" என்று தம்பி நல்ல கையால் என் தோளைப் பிடித்து இழுத்தான். முழங்கையால் அவனைத் தள்ளிவிட்டேன். இவர் மறு கையால் என் கழுத்தைப் பிடித்தார். நான் கைப்பிடியில் என் முழுக் கனத்தையும் போட்டுத் தொங்கினேன். அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. என் கழுத்திலிருந்த பிடி தளர்ந்தது. இன்னொரு தடவையும் அதே சத்தம் கேட்கிற வரைக்கும் நான் விடவில்லை. விரலுக்கு விரல் கணக்குப் பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. இவர் முகம் வெளிறி, வேர்த்து ஒழுகி உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "மெஷின்ல மாட்டிக்கிச்சுங்க" என்றார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் கழுத்திலிருந்த விரல் தடங்களையும் பார்த்தார்.

"முதல்ல தம்பி, இப்ப வீட்டுக்காரரு. அந்த மெஷினை மொதல்ல நிறுத்துங்கம்மா" என்றார்.

"நிறுத்தியாச்சுங்க" என்றேன்.